நேரலையில் இராஜம்மா திதி

சிறுதொழில் மின்னெழுச்சி மன்றம் என்று ஒன்று இருப்பது கமலநாதனுக்குத் தெரியாது. கமலநாதன் என்று ஒருவர் இருப்பதும் மன்றத்துக்குத் தெரியாது. இரு தரப்பும் இப்படி ஒரு குறையும் இல்லாமல் இருந்துவந்த நிலையில், ஒரு நாள் மதியம் மன்றத்தின் களப் பயிற்றுநர் ஷாமினி கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லட்டுமாக, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்த அவருடைய சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாள். சாப்பிட வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கமலநாதன் வாழையிலையைப் போட்டார். அவள் இலையை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் டேப்லட்டை வைத்தாள்.

"அங்கிள், உங்களுக்கு எத்தன ஃபாலோவர்ஸ்?"

"மத்தியானத்துல பத்து பேரு வருவாங்கம்மா. வெள்ளிக்கிழமன்னா இன்னும் ரெண்டு பேரு கூட வரும்."

"ஐயோ, அது வெறும் கஸ்டமர்ஸ், அங்கிள். நான் ஃபாலோவர்ஸ் கேக்குறேன் லா."

கமலநாதன் யோசித்துவிட்டு, அப்படி யாரும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஷாமினியின் முகத்தில் ஒரு டாக்டரின் வருத்தம் தெரிந்தது.

உண்மையில் அந்தக் கடை இராஜம்மாவின் கடை. சமைத்தது கமலநாதன்தான் என்றாலும், கல்லாவில் உட்கார்ந்து பேசியது அவருடைய மனைவி இராஜம்மா. யாருக்கு ரசத்தைக் கிளாஸில் ஊற்ற வேண்டும், யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யார் பெண்ணுக்கு வரன் தட்டிப்போனது எல்லாம் அவளுக்குத் தெரியும். போன வருஷம் ஆடி மாதத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். ஒரே மகன் லோகேஷ் பெர்த்திலிருந்து வந்து, காரியங்களை முடித்துவிட்டு, அப்பாவுக்கு ஒரு நல்ல கைப்பேசியும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். பக்கத்துக் கட்டடத்தில் இருந்த அலுவலகமும் வேறிடம் போய்விட்டது. மிச்சம் இருந்தவர்கள் சாப்பாட்டைப் போனிலேயே சொல்லி வரவழைத்துக்கொண்டார்கள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் யாரோ ஒருவன் வந்து, புங்குஸ் கட்டிய பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனான். சோறு போனது, ஆள் வரவில்லை. சில நாட்களில் கடையைச் சாத்தும்போதுதான், காலையிலிருந்து தாம் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது கமலநாதனுக்கு நினைவு வரும்.

ஷாமினியோ எதிரே உட்கார்ந்து முழுதாக அரை மணி நேரம் பேசினாள். அவ்வளவு நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவரிடம் பேசிய ஆள் வந்து எத்தனையோ மாதமாயிற்று. அவள் நீட்டிய இடத்திலெல்லாம் அவர் கையெழுத்துப் போட்டார். சிறைக்கு அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாலும் போட்டிருப்பார்.

பயிற்சி கிள்ளானில், ஒரு ஹோட்டலின் இரண்டாம் மாடி மண்டபத்தில் நடந்தது. வாரத்துக்கு ஒரு வகுப்பு. முதல் வகுப்பில் கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, வரவேற்புரை ஆற்றியவரை வரவேற்கும் உரை, மீ கோரெங்கும் கரிப்பாப்பும் வைத்த தேநீர், அதற்குப் பிறகு மன்றத் தலைவர் டத்தோ சோமசுந்தரத்தின் உரை. டத்தோ, அரசு கொடுத்த அந்தப் பட்டத்துக்கேற்ப, பட்டுச் சட்டையில் வந்திருந்தார். நல்ல குரல்.

"இருவது வருஷமா நான் சிறுவணிகர்கள வளத்துக்கிட்டு வரேன்," என்றார் டத்தோ. "அன்னைக்கு எங்கிட்ட வந்தவங்க இன்னைக்கும் சிறுவணிகர்களாவே இருக்காங்க. அந்த உறுதிதான் நம்ம மன்றத்தோட பலம்!"

மண்டபம் கைதட்டியது.

"கஸ்டமர் இன்னைக்கி வருவான், நாளைக்கிப் போயிருவான். அவன நம்பாதீங்க! ஆனா ஃபாலோவர் எங்கயும் போக மாட்டான். ஏன்? ஏன்னா அவன் வரவே இல்ல!"

இதற்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். கமலநாதனும் எழுந்தார். உட்கார்ந்திருந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மரியாதையாக இருக்காதே.

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஜெஞ்சாரோமிலிருந்து வந்த அய்யாவு. சாலையோரத்தில் இளநீரும், கோயில்களுக்குத் தேங்காயும் விற்கிறவர். அவரிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. அதில் கூப்பிடலாம், கூப்பிட்டால் எடுக்கலாம், வேறொன்றும் நடக்காது. இப்படி ஒருவரை விட்டுவிடக் கூடாது என்று மன்றம் கூடிப் பேசி, அவருக்கு அட்டையில் செய்த கைப்பேசி ஒன்றைக் கொடுத்தது. போன வருஷக் கண்காட்சியில் மிஞ்சிய அலங்காரப் பொருள் அது. திரை, அதன் அடியில் தூக்கிய கட்டை விரல், பக்கத்தில் இதயம் எல்லாம் அதில் அழகாக வரையப்பட்டிருந்தன. "இதுலயே அமுக்கிப் பழகிக்குங்க அங்கிள். பழக்கந்தான் முக்கியம்," என்றாள் ஷாமினி. அய்யாவு அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

மன்றத்தின் வளர்ச்சித் திட்டம் எளிமையானது. வகுப்பிலுள்ள ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் பின்தொடர வேண்டும். யார் எதைப் போட்டாலும் எல்லோரும் உடனே விரும்ப வேண்டும், ஒரு நல்ல வார்த்தை எழுத வேண்டும். சந்தேகமாக ஏதாவது கேட்டால் அது நெகடிவ், மதிப்பெண் குறையும். காஜாங்கில் சாம்பிராணி விற்பவர், கிள்ளானில் சேலை விற்பவர், சாலாக் செலாத்தானில் மீன் தொட்டி விற்பவர் என்று எல்லோரும் ஒரே நாளில் ஒருவருக்கொருவர் ரசிகர்களானார்கள். இதற்கு முன்பு நடந்த வகுப்புகளின் மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இப்படி நாடு முழுவதும் விற்பவர்கள் மட்டுமே கூடிய ஒரு பெரிய பாசார் உருவாகி, அங்கே ஒவ்வொருவரும் மற்றவரின் சரக்கைப் பார்த்து ஆஹா என்று சொல்லிக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் பையைத் திறக்கவில்லை.

கமலநாதன் சாம்பார்ப் பானையைப் படமெடுத்துப் போட்டார். "சூப்பர் அண்ணே!" என்றார் சாம்பிராணிக்காரர். "நெருப்பு!" என்றார் மீன் தொட்டிக்காரர். "மேன்மேலும் வளர்க," என்று சேலைக்காரர் எழுதினார். பயிற்சிக்காகக் கழுவாத சட்டியை ஒருமுறை போட்டுப் பார்த்தார். அதற்கும் அதே நெருப்பு, அதே மேன்மேல்.

ஆனாலும் ஆரம்பத்தில் அவருக்கு அது பிடித்திருந்தது. வெறிச்சோடிய கடையில் கைப்பேசி டிங் டிங் என்று அடிக்கும். யாரோ தம்மை நினைத்துக்கொள்கிறார்கள் என்ற ஒரு தெம்பு. ஒவ்வொன்றையும் எடுத்து, கல்லாவுக்கு மேல் மாட்டியிருந்த இராஜம்மா படத்திடம் வாசித்துக் காட்டுவார். அவள் இருந்திருந்தால், "சரி, இவங்கல்லாம் எப்பச் சாப்பிட வராங்க?" என்று கேட்டிருப்பாள். படம் கேட்கவில்லை.

அடுத்ததாக, மன்றம் கடைக்கே வந்தது. வெள்ளை வளைய விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இலையில் சோறு விழுந்ததும் யாரும் கை வைக்கக் கூடாது, முதலில் படம், பிறகுதான் வயிறு என்று ஷாமினி பழக்கினாள். வழக்கமாக வருகிற கௌசல்யா பக்கத்துக் கிளினிக்கில் வேலை செய்கிற பெண். அவளுக்குச் சாப்பாட்டு நேரமே கொஞ்சம்தான். கையைத் தூக்கியபடி விளக்கடியில் காத்திருந்தாள். "அங்கிள், சாம்பாரு ஆறிப்போச்சு," என்றாள் பாவமாக. அடுத்த வாரம் அவள் வரவில்லை.

பிறகு செல்ஃபிச் சுவர். சுவரில் இரண்டு பெரிய சிறகுகளை வரைந்து, நடுவில் நிற்பவர் தேவதையாகத் தெரியும்படி செய்தார்கள். சிறகுகளுக்கு இடம் வேண்டும் என்று மின்விசிறிக்கு அடியிலிருந்த மேசைகளை எடுத்தார்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாசு, கடை திறந்த நாளிலிருந்து மனைவியோடு அந்த மேசைகளில் ஒன்றில்தான் சாப்பிடுவார். மனைவி போன பிறகும் அதே மேசைதான், எதிர் நாற்காலியை மட்டும் இழுத்துப் போடாமல் விட்டுவிடுவார். அவர் வந்து பார்த்தார். மேசை இருந்த இடத்தில் சிறகு இருந்தது.

"இங்க நின்னு ஒரு ஃபோட்டோ எடுத்துக்கிறீங்களா, அங்கிள்?" என்று கேட்டாள் ஷாமினி.

"எங்க உக்கார்றதும்மா?" என்றார் வாசு.

ஷாமினி சிறகைக் காட்டினாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். அவரை நிறுத்தி ஏதாவது சொல்ல வேண்டும் என்று கமலநாதனுக்கு இருந்தது. இராஜம்மாவுக்குச் சொல்லத் தெரிந்திருக்கும். இவர் கரண்டியோடு வாசலில் நின்று, வாசுவின் குடை தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபாலோவர்ஸ் ஏறினார்கள், இலைகள் குறைந்தன. மன்றத்தில் இதற்கு வளர்ச்சி என்று பெயர்.

இந்த நேரத்தில்தான் ஆடி வந்தது, இராஜம்மாவின் முதல் வருஷத் திதியும் வந்தது. அவள் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. திதியன்று படைத்து, காக்கைக்கு வைத்தபின், வெளியாள் ஒருவராவது இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்கு முன் வீட்டார் கை நனைக்கக் கூடாது. யாரும் சாப்பிடாத திதி, போனவருக்குப் போய்ச் சேராது என்பார்கள். இராஜம்மா இருந்தவரை அவள் மாமனார் மாமியார் திதிக்குக் கடையே நிரம்பிவிடும். அவள்தான் போகிற வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாளே. கமலநாதனுக்கு அப்படி யார் கையையும் பிடித்துப் பழக்கமில்லை. அவளுடைய திதிக்கு இலை காலியாகக் கிடந்துவிடுமோ என்று அவர் பயந்தார். வேறு எதற்கும் அவர் அந்த வருஷத்தில் அவ்வளவு பயப்படவில்லை.

இருக்கவே இருக்கிறார்களே ஃபாலோவர்ஸ் என்று நினைத்து, இராஜம்மாவின் படத்தைப் போட்டு எழுதினார்: "என் மனைவி இராஜம்மாவுக்கு வருகிற புதன்கிழமை முதல் வருஷத் திதி. மதியம் கடையில் எல்லோருக்கும் சாப்பாடு. காசு வேண்டாம். தயவுசெய்து வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்."

டிங் டிங் என்று நிற்காமல் அடித்தது. "வாழ்த்துகள் அண்ணே!" "நெருப்பு!" "சூப்பர் போஸ், கலக்குங்க!" "அழகா இருக்கு, எவ்வளவு? டெலிவரி உண்டா?" "மேன்மேலும் வளர்க!" லோகேஷும் பெர்த்திலிருந்து இரண்டு இதயம் போட்டிருந்தான். நடுவில் ஒருவர் "கண்டிப்பா வரோம் அண்ணே," என்று எழுத, அது நன்றாக இருக்கிறதென்று மற்றவர்களும் அதையே எழுதினார்கள். கமலநாதன் அந்த வரிகளை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார். எத்தனை படி அரிசி போடுவது என்று யோசிக்க ஆரம்பித்தார்.

அடுத்த வகுப்பில் அந்தப் பதிவைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். மன்றத்தின் வரலாற்றிலேயே இவ்வளவு பேரைச் சென்றடைந்த பதிவு வேறில்லையாம். டத்தோ மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாருங்க! இந்த அம்மா உயிரோட இருந்தப்ப இவங்கள யாருக்குத் தெரியும்? ஒரு தெருவுக்குத் தெரியும், அவ்வளவுதான். இன்னைக்கி நாடே பாக்குது! சாவுன்னு சோர்ந்து போயிடக் கூடாது. ஒவ்வொரு வணிகரும் வீட்டுக்குப் போயி, நம்ம குடும்பத்துல எந்தக் கதைய இன்னும் பயன்படுத்தாம வச்சிருக்கோம்னு யோசிக்கணும்!"

சேலைக்காரர் குறிப்பு எடுத்துக்கொண்டார்.

"அங்கிள், ஒன்னே ஒன்னு," என்றாள் ஷாமினி. "புதன்கிழம ரீச் கம்மி. திதிய சனிக்கிழமைக்குத் தள்ளிப் போட முடியுமா? டத்தோவும் ஃபிரீ."

"திதிம்மா அது. அன்னைக்கித்தான் வரும்."

"ஓக்கே, ஓக்கே. அப்ப லைவ் போயிரலாம். வர முடியாதவங்கல்லாம் வீட்டுலேர்ந்தே கலந்துக்குவாங்க." மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் போன எடுங்க! கமலநாதன் அங்கிளுக்கு இப்பவே ஒரு லைக்!"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. கமலநாதனின் சட்டைப் பை டிங் டிங் என்று துடித்தது. அய்யாவு தம் அட்டையில் வரைந்திருந்த கட்டை விரலை ஒருமுறை அமுக்கினார். கமலநாதனின் சட்டைப் பையைப் பார்த்தார். இன்னொரு முறை, நன்றாக அழுத்தினார்.

"கட எங்க அண்ணே இருக்கு?" என்று மெல்லக் கேட்டார்.

கமலநாதன் சொன்னார். அதற்குள் ஷாமினி அமைதி என்றாள்.

புதன்கிழமை விடிவதற்குள் கமலநாதன் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டார். சாம்பார், ரசம், பூசணிக்காய்க் கூட்டு, வாழைக்காய் வறுவல், வடை, அப்பளம், பாயசம். இராஜம்மாவின் இலையில் மட்டும் அவளுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பலும், பக்கத்தில் பால் விடாத ஒரு கிளாஸ் கோப்பி ஓவும். சூடம் காட்டினார். பின்சந்தில் காக்கைக்கு வைத்தார். காக்கை உடனே வந்தது. அதற்குக் கைப்பேசி இல்லை. பிறகு எல்லா மேசையிலும் இலை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு, வாசலுக்கு வந்து நின்றார்.

முதலில் வந்தது ஒரு மலர்ப் பலகை. டத்தோ அனுப்பியிருந்தார். "வெற்றி மேல் வெற்றி பெற நல்வாழ்த்துகள்" என்று தங்க எழுத்தில் இருந்தது. கொண்டுவந்தவன் அதை இராஜம்மா படத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தினான். சாப்பிடச் சொன்னதற்கு, லோரியை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியிருப்பதாகச் சொல்லிவிட்டு ஓடினான்.

ஷாமினி முதல் நாளே வளைய விளக்கில் மாட்டிவிட்டுப் போயிருந்த கைப்பேசியில், சொல்லிக் கொடுத்தபடி கமலநாதன் பொத்தானை அமுக்கினார். நேரலை தொடங்கியது. இராஜம்மாவின் படம், மலர்ப் பலகை, முன்னால் வரிசையாகக் காலி இலைகள். மன்றத்தில் கூட்ட அறையின் பெரிய திரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பவர்களின் எண்ணிக்கை நூறானது, முந்நூறானது. திரையின் ஓரத்தில் இதயங்கள் மிதந்து மேலே போயின.

"வணக்கம். வாங்க, சாப்பிடலாம்," என்றார் கமலநாதன் கைப்பேசியிடம்.

"வரோம் அண்ணே!" "வழியில இருக்கேன்!" "நெருப்பு!"

மதியம் கூடியது. இலைகளில் தெளித்த தண்ணீர் காய்ந்தது, மறுபடியும் தெளித்தார். தெருவில் யாராவது நடந்து போனால் வாசலுக்கு ஓடினார். ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். வாய் வரவில்லை. போனவர்களும் உள்ளே பார்த்தார்கள். விளக்கு, கைப்பேசி, மலர்ப் பலகை எல்லாம் இருந்ததால் ஏதோ படப்பிடிப்பு என்று ஒதுங்கிப் போனார்கள். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஐந்நூறு பேர் தம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று திரை சொன்னது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

"மன்னிச்சிக்க, ராஜம்மா," என்று படத்திடம் சொன்னார். திரையில் இதயங்கள் குபுகுபுவென்று எழுந்தன.

வாசலில் நிழல் தட்டியது. தோளில் கோணிப்பையோடு அய்யாவு நின்றுகொண்டிருந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"லேட்டாயிருச்சி அண்ணே. ஜெஞ்சாரோம்ல பஸ்ஸே வரல. கிள்ளானுக்கு வந்து கொமுட்டர் ரயிலு புடிச்சி, செண்ட்ரல்லேர்ந்து நடந்து, இந்தச் சந்துதான்னு தெரியாம ரெண்டு சுத்து சுத்திட்டேன்." பையை இறக்கி, இரண்டு தேங்காய்களை எடுத்து இராஜம்மாவின் படத்துக்குக் கீழே வைத்தார். திரும்பி இலைகளைப் பார்த்தார். "எல்லாம் சாப்ட்டுப் போயிட்டாங்களா?"

"யாரும் வரல, அய்யாவு."

அய்யாவுக்குப் புரியவில்லை. "அன்னைக்கு அத்தன பேரும் அமுக்குனாங்களே?"

"ஆமா."

"நான் அமுக்குனது அட்டையில. அது ஒங்களுக்கு வந்து சேராதுன்னு தெரியும்." அவர் கோணிப்பையை மடித்தார். "அதான் அண்ணே, நேர்ல வந்துட்டேன்."

கமலநாதன் அவர் கையைப் பிடித்து இழுத்து, முதல் இலையில் உட்கார வைத்தார். சோற்றை வைத்தார், சாம்பாரை ஊற்றினார். அய்யாவு படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இலையில் கை வைத்தார்.

கல்லாவிலிருந்த பழைய தொலைபேசி மணியடித்தது.

"அங்கிள், யாரோ ஒரு ஆளு நடுவுல உக்காந்துட்டாரு," என்றாள் ஷாமினி. "ஆன்டி மொகத்த மறைக்குது. கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்களேன். இப்பத்தான் பீக்ல போயிட்டிருக்கு."

"சாப்பிடுறாரும்மா."

"சாப்ட்டா போதுமா அங்கிள்? வியூவர்ஸ்க்கு ஃபிரேம் வேணும் லா!"

கமலநாதன் தொலைபேசியை வைத்தார். நேரலையை எப்படி நிறுத்துவது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. கைப்பேசியைக் கழற்றிக்கொண்டுபோய் அரிசி மூட்டைக்குள் நன்றாகப் புதைத்தார். உள்ளேயிருந்து இருட்டு நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. பார்ப்பவர்கள் குறையவில்லை. "நெருப்பு!" என்று மீன் தொட்டிக்காரர் எழுதினார்.

"நீங்களும் உக்காருங்க அண்ணே, நான் பரிமாறுறேன்," என்று எழுந்தார் அய்யாவு. "தனியா சாப்ட்டா எறங்காது."

சோற்றைப் பிசையும்போது கமலநாதன் அழுதார். அய்யாவு பார்த்தும் பார்க்காததுபோல அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, ஜெஞ்சாரோமில் இந்த வருஷம் தேங்காய்க் காய்ப்பு எப்படி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வியாழக்கிழமைதோறும் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலுக்குத் தேங்காய் கொண்டுவருவதாகவும் சொன்னார். வியாழக்கிழமையும் கடை உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் கமலநாதன்.

அந்த மாதக் கடைசியில் மன்றம் பயிற்சியின் முடிவுகளை அறிவித்தது. ஆண்டின் சிறந்த ஈடுபாட்டுக்கான கேடயம் கமலநாதனுக்கு. அய்யாவு தேறவில்லை; அவருடைய ஈடுபாடு பூஜ்யம் என்றும், அடுத்த வகுப்பில் முதலிலிருந்து சேர வேண்டும் என்றும், அட்டைக் கைப்பேசியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். கேடயத்தை டத்தோ தம் கையாலேயே கொடுப்பதாக இருந்தது. மேடையில் இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் கமலநாதன் வரவில்லை. அன்று வியாழக்கிழமை. அவர் சிறகுச் சுவரை மறைத்துப் பழைய மேசையை இழுத்துப் போட்டு, இரண்டு பேருக்குச் சோறு வடித்துவிட்டு, வாசலில் நின்றுகொண்டிருந்தார்.